யெஸ்டி பேர் யாருக்குச் சொந்தம்? டி-ஷர்ட் அச்சடிக்க யாரிடம் கேட்பது?

பவானிக்கரை | 2022 டிசம்பர் 19

எல்லாருக்கும் வணக்கம். ஈரோடு, பவானி, அந்தியூர் பக்கம் பழைய ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற நாற்பது பேர் ஒரு குழுவாக இருக்கிறோம். ஜூலை மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஜாவா யெஸ்டி தினம் என்று எல்லா ஊரிலும் வண்டி எடுப்பார்களே, அடுத்த வருடம் அன்றைக்கு எல்லாரும் ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டுக்கொண்டு பர்கூர் மலை ஏறலாம் என்று முடிவு செய்தோம். நெஞ்சில் "யெஸ்டி" என்று, பழைய டேங்க்கில் இருக்கிற அதே சாய்ந்த எழுத்தில்.

திருப்பூரில் விசாரித்தேன். அச்சுக்காரர் நல்ல மனிதர். படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பேருக்கு உரிமைப்பட்டவங்ககிட்ட லெட்டர் வாங்கீட்டீங்களா? இல்லாம நான் ஸ்கிரீன் போட மாட்டனுங்க" என்றார். சரி, புது யெஸ்டி விற்கிற கிளாசிக் லெஜண்ட்ஸ் கம்பெனிக்கு மெயில் எழுதலாம் என்று உட்கார்ந்தால், போன வெள்ளிக்கிழமை, 16ஆம் தேதி, கர்நாடக உயர்நீதிமன்றம் அந்தப் பேர் அவர்களுக்குச் சொந்தமில்லை என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

அப்பாவின் யெஸ்டி ரோட்கிங் 1987 மாடல். ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். தயாரிப்பாளர் என்ற இடத்தில் ஐடியல் ஜாவா, மைசூர் என்று இருக்கிறது. அந்தக் கம்பெனி 1996இல் மூடியாயிற்று. அப்படியானால் நான் யாருக்குக் கடிதம் எழுதுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சிங்காநல்லூர்_ஒர்க்‌ஷாப் | 2022 டிசம்பர் 19

தம்பி, டேங்க்குல ஸ்டிக்கர் கேட்டா நான் இருபது வருசமா ஒட்டீட்டுத்தான் இருக்கறேன். யாரும் ஒண்ணும் கேட்டதில்லை. பேரு வண்டியோட பேரு. வண்டி வெச்சிருக்கறவனுக்குச் சொந்தம்.


சட்டத்துணை | 2022 டிசம்பர் 19

அண்ணன் சொல்வது மனதுக்கு நியாயம். சட்டத்தில் அது நிற்காது. சென்னையில் டிரேட்மார்க் வழக்குகள்தான் என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கதை. மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனியைத் தொடங்கியவர்கள் ருஸ்தம் இரானி, ஃபரூக் இரானி. செக் நாட்டு ஜாவாவிடம் உரிமம் வாங்கி 1961 முதல் மைசூரில் வண்டி செய்தார்கள். உரிம ஒப்பந்தம் முடிந்தபின் 1973 முதல் அதே பரம்பரை வண்டி "யெஸ்டி" என்ற பேரில் வந்தது. இரானிகளின் பூர்வீகம் ஈரானில் உள்ள யஸ்து நகரப் பக்கம். அந்த ஊர்ப் பேரில் இருந்து பிறந்ததுதான் யெஸ்டி. 1996இல் தொழிற்சாலை நின்றது. 2001இல் கம்பெனியைக் கலைக்க கர்நாடக உயர்நீதிமன்றமே உத்தரவிட்டது. அந்த நாளிலிருந்து கம்பெனியின் சொத்து எல்லாம் அபிஷியல் லிக்விடேட்டர் (கலைக்கிற கம்பெனியின் சொத்தைப் பொறுப்பெடுத்து விற்றுப் பாக்கி தீர்க்கும் அதிகாரி) கையில், அதாவது நீதிமன்றத்தின் காவலில்.

சொத்து என்றால் நிலம், கட்டடம், இயந்திரம் மட்டுமில்லை. பேரும் சொத்து. கம்பெனி தன் பேரில் பதிவு செய்து வைத்திருந்த யெஸ்டி சின்னமும் (டிரேட்மார்க்) அதில் அடக்கம். ஆனால் பதிவு என்பது சும்மா கிடக்கிற நிலம் போல இல்லை. குறித்த காலத்துக்கு ஒருமுறை கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். கம்பெனியின் பதிவு 2007இல் காலாவதியானது. யாரும் புதுப்பிக்கவில்லை. அதன்பின் ருஸ்தம் இரானியின் மகன் போமன் இரானி தன் பேரில் யெஸ்டியைப் பதிவு செய்துகொண்டார். மகிந்திரா 60 சதவீதப் பங்கு வைத்திருக்கும் கிளாசிக் லெஜண்ட்ஸ் வழியாக இந்த ஆண்டு ஜனவரி 13ஆம் தேதி ரோட்ஸ்டர், ஸ்கிராம்ப்ளர், அட்வென்ச்சர் என்று மூன்று வண்டி வந்தது.

இப்போது தனி நீதிபதி சொல்லியிருப்பது: சின்னம் ஐடியல் ஜாவாவின் சொத்து, நீதிமன்றக் காவலில் இருக்கிற சொத்தை வேறொருவர் தன் பேரில் எழுதி வாங்க முடியாது, போமன் இரானி பேரில் கொடுத்த பதிவுகள் செல்லாது. போமன் இரானிக்கும் கிளாசிக் லெஜண்ட்ஸுக்கும் ஆளுக்குப் பத்து லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்திருக்கிறார்.

ஆகவே பவானிக்கரை நண்பரே, இன்றைய தேதிக்கு நீங்கள் கடிதம் எழுத வேண்டிய முகவரி பெங்களூரில் உள்ள லிக்விடேட்டர் அலுவலகம். ஆனால் மேல்முறையீடு நிச்சயம் வரும். பொறுங்கள்.


மலைச்சாலை | 2022 டிசம்பர் 20

நான் ஆகஸ்ட்டில்தான் யெஸ்டி அட்வென்ச்சர் எடுத்தேன். கடன் இன்னும் 31 மாதம் இருக்கிறது. நாளைக்கு இந்தப் பேரில் வண்டி விற்கக்கூடாது என்றால் உதிரி பாகம், சர்வீஸ், வாரண்டி எல்லாம் என்ன ஆகும்? இரவு சரியாகத் தூங்கவில்லை.

இன்னொரு கேள்வி. அப்பா உண்டாக்கின பேரை மகன் எடுத்துக்கொண்டதில் என்ன தப்பு? ஊர்ப் பேரே அவங்க குடும்பத்தோடது. இருபது வருடமாக யாரும் சீந்தாமல் கிடந்ததைத் தூசி தட்டி எடுத்து, பணம் போட்டு, புது வண்டி செய்து விற்கிறார்கள். லிக்விடேட்டர் அலுவலகம் அந்தப் பேரைப் புதுப்பிக்கும் கட்டணம் கூடக் கட்டவில்லையே.


சட்டத்துணை | 2022 டிசம்பர் 20

வாரண்டி பற்றிப் பயப்பட வேண்டாம். வண்டியை விற்ற கம்பெனி உயிரோடு இருக்கிறது. அதன் பொறுப்பு பேர் மாறினாலும் போகாது. வழக்கு டேங்க்கில் என்ன எழுதலாம் என்பது பற்றி. உங்கள் எஞ்சின் பற்றியது அல்ல.

இரண்டாவது கேள்விதான் வழக்கின் உயிர். கம்பெனி வேறு, முதலாளி வேறு. இது சட்டத்தின் அரிச்சுவடி. கம்பெனி கடன் வாங்கித் திரும்பக் கட்டாவிட்டால் பொதுவாக முதலாளியின் வீட்டைத் தொட முடியாது. அந்தப் பாதுகாப்பை அனுபவித்த குடும்பம், கம்பெனியின் பேர் மட்டும் எங்கள் பரம்பரைச் சொத்து என்று சொல்ல முடியுமா? கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்களும் அங்கே வேலை செய்தவர்களும் அந்தச் சொத்தில்தான் தங்கள் பங்கை எதிர்பார்த்து நிற்கிறார்கள்.

ஆனால் உங்கள் கடைசி வரி கனமானது. அதை அப்படியே ஒதுக்க மாட்டேன். டிரேட்மார்க் சட்டம் 1999 என்ன சொல்கிறது? காலாவதிக்கு முன் பதிவாளர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். காலாவதியான பிறகும் ஓராண்டுக்குள் மனுப்போட்டு மீட்கலாம். அதையும் விட்டால் பதிவு போயிற்று. தவிர, ஐந்து வருடமும் மூன்று மாதமும் தொடர்ந்து ஒரு சின்னத்தை அதன் சொந்தக்காரர் வியாபாரத்தில் பயன்படுத்தாவிட்டால், அதைப் பதிவேட்டிலிருந்து நீக்கச் சொல்லி அதனால் பாதிக்கப்பட்டவர் கேட்கலாம். யெஸ்டி 1996 முதல் சந்தையில் இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பதிவு போனாலும் ஒரு பேருக்கு மக்கள் மனதில் இருக்கிற மதிப்பு தனியாக நிற்கும். அதைக் காட்டி, "அவர்கள் சரக்கை எங்கள் சரக்கு என்று ஏமாற்றி விற்கிறார்கள்" என்று வழக்குப் போடும் உரிமையைச் சட்டம் விட்டு வைத்திருக்கிறது. அதேபோல், வியாபாரச் சூழலில் தன் கைமீறிய காரணத்தால் பயன்படுத்த முடியவில்லை என்றால் நீக்கக்கூடாது என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. லிக்விடேட்டர் மோட்டார் சைக்கிள் செய்து விற்க முடியாதே!


சிங்காநல்லூர்_ஒர்க்‌ஷாப் | 2022 டிசம்பர் 20

மக்கள் மனசுல மதிப்புன்னு வக்கீலய்யா சொன்னாருங்களே, அதை நான் கண்ணால பாத்தவன். சொல்றேன் கேளுங்க.

96ல கம்பெனி மூடுன பொறகு நெறயப் பேரு வண்டியப் பழைய இரும்புக்குப் போட்டாங்க. நானே ரெண்டு மூணு வண்டி எடைக்கு எடுத்து பாகம் பாகமாக் கழட்டி வெச்சேன். ஆனா ஒரு கூட்டம் விடலை. பாயிண்ட் கிடைக்காது, கிளட்ச் பிளேட் கிடைக்காது, சைலன்சர் கிடைக்காது. லேத்துல கொடுத்து புஷ் கடைஞ்சு போட்டு ஓட்டுனாங்க. பெட்ரோல் பங்க்குல லிட்டருக்கு 40 மில்லி ஆயில் அளந்து ஊத்திக் குலுக்கி ஓட்டுனாங்க. கியர் லீவரை உள்ளார தள்ளி மேல திருப்புனா அதே கிக்கராகும் பாத்தீங்களா, புதுப் பசங்களுக்கு அதைக் காட்டுனா வாயைப் பொளப்பானுங்க. அந்த லீவரோட பல்லு தேஞ்சு போனா வெல்டு வெச்சு அரத்துல ராவி நானே பல்லு எடுத்துக் குடுத்திருக்கறேன். ஒரு பல்லுக்கு அரை நாளாகும்.

26 வருசம் இந்தப் பேரைச் செத்துப் போகாம வெச்சிருந்தது யாரு? மைசூர் கம்பெனி இல்லை, மும்பைக் குடும்பம் இல்லை, கோர்ட்டும் இல்லை. ஓட்டுனவங்க. அவங்களுக்கு இந்த வழக்குல ஒரு நாற்காலியாவது போட்டாங்களா?


பவானிக்கரை | 2022 டிசம்பர் 21

அண்ணே, கை கொடுங்க. இதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியாமல் இருந்தது.

2018இல் ஜாவா திரும்ப வந்தபோதும், இந்த வருடம் யெஸ்டி வந்தபோதும் புதிதாக ஒரு பேரைச் சொல்லிப் பழக்க வேண்டிய வேலையே அவர்களுக்கு இல்லை. எங்கள் ஊரில் ஷோரூம் திறந்த அன்று வாசலில் பூஜைக்கு நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் பழைய வண்டிக்காரர்கள். அப்பாவும் போயிருந்தார். புது ரோட்ஸ்டரின் டேங்க்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "எழுத்து அதே மாதிரி போட்டிருக்கான்" என்றார். எஞ்சின் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. 334 சிசி, நாலு ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிர்கிற எஞ்சின். பழைய 250 டூ ஸ்ட்ரோக்கோடு அதற்கு ஒரு போல்ட் கூட ஒட்டு இல்லை. ஒட்டியிருந்தது எழுத்து மட்டும்தான். அந்த எழுத்துக்காகத்தானே கோர்ட்டில் நிற்கிறார்கள்.


பழைய_ஏடு | 2022 டிசம்பர் 22

இழை நன்றாகப் போகிறது. இதே சண்டை அமெரிக்காவில் இதைவிடப் பெரிதாக நடந்திருக்கிறது. அந்தக் கதையில் நம்ம திருவொற்றியூருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. சொல்லட்டுமா?

இந்தியன் என்ற அமெரிக்க மோட்டார் சைக்கிள். மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் 1901இல் தொடங்கியது. ஸ்கவுட், சீஃப் என்று உலகம் அறிந்த வண்டிகள். 1953இல் உற்பத்தி நின்றது. நின்ற பிறகுதான் பேருக்குப் பேய் பிடித்தது. 1955 முதல் சில வருடம், இங்கிலாந்தின் ரெடிட்சில் செய்த ராயல் என்ஃபீல்டுகளை வாங்கி, டேங்க்கில் "இந்தியன்" என்று எழுதி அமெரிக்காவில் விற்றார்கள். அதே 1955இல்தான் ரெடிட்ச் கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் புல்லட் பிறந்தது அதன் வழியாக. ஒரே ஆலையின் வேலைப்பாடு கடலுக்கு அந்தப் பக்கம் "இந்தியன்" என்ற பேரிலும், உண்மையான இந்தியாவில் "என்ஃபீல்டு" என்ற பேரிலும் ஓடியது.

பிறகு 1960களில் ஃபிளாய்ட் கிளைமர் என்ற பதிப்பாளர் இந்தியன் பேரில் இத்தாலியப் பாகங்கள் போட்ட சின்ன வண்டிகள் விற்றார். பேரை அவர் முறையாக விலைக்கு வாங்கினாரா என்பதே பின்னால் பெரிய கேள்வியானது. 1970இல் அவர் இறந்தபின் மனைவி "உரிமையை" ஒரு வழக்கறிஞருக்கு விற்றார். தைவானில் செய்த மினி பைக்குகள் வந்தன. அந்தக் கம்பெனியும் 1977இல் திவால்.

1990களில் ஒரே பேரை இரண்டு தரப்பு சொந்தம் கொண்டாடின. ஒருவர் ஸ்பிரிங்ஃபீல்டில் கடை விரித்தார். பேரைக் காட்டி முதலீட்டாளர்களிடம் பணம் வாங்கியதற்காகப் பங்கு மோசடி வழக்கில் தண்டனை பெற்றார். இன்னொருவர் நியூ மெக்சிகோவில் ஒரு மாதிரி வண்டியை ஓட்டிக் காட்டியதோடு சரி. கடைசியில் கொலராடோ கூட்டரசு நீதிமன்றம் ரிசீவரை நியமித்து, சிதறிக் கிடந்த உரிமைகளை எல்லாம் ஒன்றாகத் திரட்டி, 1998 டிசம்பரில் ஒரு தரப்புக்கு விற்க அனுமதித்தது. 1999இல் கலிஃபோர்னியாவின் கில்ராயில் உற்பத்தி. 2003இல் அதுவும் மூடல். 2004இல் வேறு கை. 2011இல் பொலாரிஸ் கம்பெனி வாங்கியது. 2013இல்தான் நிமிர்ந்து நிற்கிற ஒரு வண்டி, புது எஞ்சினோடு, வந்தது. 1953 முதல் 2013 வரை எண்ணிப் பாருங்கள், அறுபது வருடம்.

நான் சொல்ல வருவது இதுதான். அமெரிக்க நீதிமன்றம் ஒரு ஆளை நியமித்து, "இந்தப் பேரைப் பத்திரமாக வை, நல்ல விலைக்கு விற்று, ஏமாந்தவர்களுக்குப் பணம் கொடு" என்றது. நம்மிடம் லிக்விடேட்டர் 2001இலேயே இருந்தார். பேரும் இருந்தது. 2007 வரை பதிவும் இருந்தது. அப்போதே ஏலம் விட்டிருந்தால் என்ன?


நூற்பாலைமகன் | 2022 டிசம்பர் 23

நான் இங்கே வாசிக்க மட்டும் வருகிறவன். வண்டி கூட என்னிடம் இல்லை. பழைய_ஏடு அவர்களின் கடைசிக் கேள்விக்காக எழுதுகிறேன்.

என் அப்பா கோவையில் ஒரு நூற்பாலையில் ரிங் பிரேமில் (நூல் நூற்கிற இயந்திரம்) 19 வருடம் வேலை பார்த்தார். பேர் வேண்டாம். 1990களில் மூடியது. கலைப்பு உத்தரவு வந்து, லிக்விடேட்டர் பொறுப்பெடுத்து, கேட்டில் சீல் வைத்தார்கள். சட்டப்படி தொழிலாளி பாக்கி முதல் வரிசை, அடமானம் பிடித்த வங்கியோடு சமமாக. 1956 கம்பெனிச் சட்டத்தில் 529ஏ என்று ஒரு பிரிவு. அந்த எண்ணை எங்கள் தெருவில் பத்தாவது படிக்காதவர்களும் மனப்பாடமாகச் சொல்வார்கள். உரிமை கோரும் படிவம், பி.எஃப். சீட்டு, அடையாள அட்டை நகல், எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு அப்பா வருடத்துக்கு நாலு தடவை சென்னைக்கு ரயில் ஏறுவார். முதல் காசோலை வந்தது பதினோரு வருடம் கழித்து. அதற்குள் இயந்திரங்கள் துருப்பிடித்து எடைக்குப் போயிருந்தன.

எங்கள் மில் நூல் கட்டின்மேல் ஒரு வண்ண லேபிள் ஒட்டுவார்கள். உள்ளங்கை அகலம், ஓரத்தில் பொன்னிறக் கரை. தறிக்காரர்கள் நூலின் தடிமனைச் சொல்கிற எண்ணைப் பார்க்க மாட்டார்கள், லேபிளைப் பார்த்துத்தான் கட்டு எடுப்பார்கள். சொத்துப் பட்டியலில் நாற்காலி இருந்தது, மின்விசிறி இருந்தது, தராசு இருந்தது. லேபிள் இல்லை. யாருக்கும் அது சொத்தாகத் தெரியவில்லை. சில வருடம் கழித்து அதே லேபிள், அதே கரையோடு, வேறு யாரோ சுற்றின நூலின்மேல் கடையில் இருந்தது. அப்பா கட்டைக் கையில் எடுத்து, நூலை நகத்தால் நிமிண்டிப் பார்த்து, "இது நம்ம நூல் இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதனால்தான் யெஸ்டி தீர்ப்பை முழுதாக வாசித்தேன். பேரும் கம்பெனியின் சொத்து என்று ஒரு நீதிபதி எழுதியதைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படியானால் தொழிலாளிக்கும் அதில் பங்கு உண்டே. புது வண்டி எடுத்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் "யாரும் சீந்தாமல் கிடந்தது" என்று எழுதாதீர்கள் ஐயா. கேட்கத் தெரியாமல் இருந்தோம், அவ்வளவுதான்.


மலைச்சாலை | 2022 டிசம்பர் 23

நூற்பாலைமகன் ஐயா, மன்னிக்கணும். அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். கடன் கவலையில் எழுதிவிட்டேன்.


சட்டத்துணை | 2022 டிசம்பர் 24

நூற்பாலைமகன் எழுதியதற்குப் பிறகு நான் சேர்க்க ஒன்றுதான் இருக்கிறது. கலைப்பில் போகிற ஒவ்வொரு கம்பெனிக்கும் சின்னங்கள் எத்தனை, எந்தத் தேதியில் காலாவதி என்று முதல் வாரமே பட்டியல் எடுக்க வேண்டும். கட்டணம் சில ஆயிரம். கர்நாடக விண்ணப்பங்களும் கிண்டியில் உள்ள சென்னை டிரேட்மார்க் பதிவகத்தின் வரம்புதான். நான் அங்கே வாரம் இருமுறை போகிறவன். மூடிப்போன மில், மருந்துக் கம்பெனி, பட்டாசுக் கம்பெனி என்று எத்தனை நல்ல பேர் புதுப்பிக்காமல் உதிர்ந்து போனது என்று பதிவேட்டைப் புரட்டினால் வயிறு எரியும்.

பவானிக்கரை நண்பருக்கு: சின்னம் பதிவாவது சரக்கு வகைவாரியாக. வண்டிக்கு 12ஆம் வகுப்பு, ஆடைக்கு 25ஆம் வகுப்பு. மோட்டார் சைக்கிள் பேரை டி-ஷர்ட்டில் போட்டால் 25 வேறு வகுப்பு என்று தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விற்காமல் குழுவுக்குள் போட்டுக்கொண்டாலும் அச்சடிப்பவர் பயப்படுவது நியாயமே. மேல்முறையீடு முடியும்வரை பேர் இல்லாமல் அச்சடியுங்கள் என்பது என் யோசனை.


பவானிக்கரை | 2023 ஜூலை 10

நேற்று பர்கூர் போய் வந்தோம். 34 வண்டி. இரண்டு வண்டிக்கு மட்டும் தாமரைக்கரைக்கு முன்னால் பிளக் அடைத்தது. டி-ஷர்ட்டில் பேர் இல்லை. கிக்கர் லீவரைப் பாதி திருப்பின நிலையில் கோட்டோவியம், கீழே "மைசூர் 250". அச்சுக்காரர் சந்தோஷமாகப் போட்டுக் கொடுத்தார். படம் இணைத்திருக்கிறேன். சிங்காநல்லூர் அண்ணன் வரைந்து கொடுத்த லீவர் அது. பல் எண்ணிக்கை கூடச் சரியாக இருக்கும்.

மேல்முறையீட்டில் இரு நீதிபதி அமர்வு தனி நீதிபதி உத்தரவுக்கு இடைக்காலத் தடை கொடுத்திருக்கிறது. புது யெஸ்டி விற்பனை நடக்கிறது. மலைச்சாலை நண்பர் தன் அட்வென்ச்சரில் வந்து பழைய வண்டிகளுக்கு நடுவில் ஓட்டினார். யாரும் வேறாக நினைக்கவில்லை.


மலைச்சாலை | 2025 நவம்பர் 29

பழைய இழையைத் தோண்டி எடுக்கிறேன். இரு நீதிபதி அமர்வு தீர்ப்பு வந்துவிட்டது. 2022 தீர்ப்பு ரத்து. போமன் இரானி, கிளாசிக் லெஜண்ட்ஸ் பக்கம் வெற்றி. என் கடன் இந்த வருடம் முடிந்தது. செய்தியைப் பார்த்ததும் எனக்கு முதலில் நினைவு வந்தது நூற்பாலைமகன் ஐயா எழுதியதுதான். சட்டத்துணை சார், விளக்குங்கள்.


சட்டத்துணை | 2025 நவம்பர் 30

சுருக்கமாகச் சொல்கிறேன். 2007இல் பதிவு காலாவதியானது, மீட்க முயற்சி இல்லை, கம்பெனி பல வருடமாகச் சின்னத்தைப் பயன்படுத்தவே இல்லை. அப்படிக் கைவிட்ட சின்னத்தில் கம்பெனிக்கு உரிமை தங்கியிருக்கிறது என்று சொல்ல முடியாது, கலைப்பில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அது சாகாமல் நிற்காது. அமர்வு போன வழி இது.

சட்டத்தின் எழுத்தை வைத்துப் பார்த்தால் இதற்கு வலு இருக்கிறது, மறுக்கமாட்டேன். பதிவேடு என்பதே ஊர் பார்க்கிற பலகை. புதுப்பிக்காமல் விட்டதை நம்பி இன்னொருவர் பணம் போட்டால் அவருக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும். ஆனால் 2022இல் வாதாடின அதே பக்கத்தில்தான் என் மனம் இன்னும் நிற்கிறது. பேரைக் காவலில் வைத்தவர் தூங்கினதற்கு, காவலில் வைக்கச் சொல்லாத தொழிலாளி ஏன் இழக்க வேண்டும்? கட்டணம் கட்டாதது அவர்கள் செய்த தவறு இல்லையே. குடும்பம் நடத்தின கம்பெனியின் சொத்து, கம்பெனி செத்தபின் சும்மா காத்திருந்தாலே குடும்பத்துக்கு வந்துவிடும் என்று நாளைக்கு வேறு யாரும் இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.


சிங்காநல்லூர்_ஒர்க்‌ஷாப் | 2025 நவம்பர் 30

தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும் பேரை வெச்சிருக்கறவங்க ஒண்ணு பண்ணணுமுங்க. பழைய வண்டிக்குப் பாகம் செஞ்சு குடுக்கணும். கிராங்க் பேரிங், கிளட்ச் பிளேட், அந்தக் கிக்கர் லீவர். பேரு உங்களுதுன்னா அந்தப் பேரு போட்ட பழைய வண்டியும் உங்க பொறுப்புத்தான். எனக்கு 63 ஆச்சு. இன்னும் எத்தனை நாளைக்கு அரத்துல பல்லு ராவறது?


நூற்பாலைமகன் | 2025 டிசம்பர் 2

அப்பா போன வருடம் தவறிவிட்டார். கடைசித் தவணை அம்மா பேரில் வந்தது. மஞ்சள் பையை அம்மா இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார்.

தீர்ப்பு வருத்தம்தான். ஆனால் ஒன்று செய்தேன். எங்கள் பக்கம் ஒரு ஆலை இப்போது திவால் நடவடிக்கையில் இருக்கிறது. தொழிலாளர் சங்கத்துக்காரர்களை சட்டத்துணை சாரிடம் அழைத்துப் போனேன். நூல் லேபிள் இரண்டு, அடுத்த ஏப்ரலில் ஒன்று காலாவதி. பொறுப்பு அதிகாரிக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்திருக்கிறோம்.


பவானிக்கரை | 2025 டிசம்பர் 3

ஐயா, அப்பாவுக்கு என் வணக்கம்.

டி-ஷர்ட் விஷயம். 2026 ஜூலை 12 இரண்டாவது ஞாயிறு. கிளாசிக் லெஜண்ட்ஸ் கம்பெனிக்கு முறையாகக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். 45 டி-ஷர்ட், விற்பனைக்கு இல்லை, பழைய டேங்க் எழுத்து என்று விவரமாக எழுதி, சிங்காநல்லூர் அண்ணன் சொன்ன பாகங்களின் பட்டியலையும் இரண்டாவது பக்கமாகச் சேர்த்தேன். பதில் வந்தால் இங்கே போடுகிறேன். வராவிட்டால் லீவர் படமே இருக்கட்டும், பின்பக்கம் மட்டும் மாற்றலாம்.

சைஸ் இதுவரை 38 பேர் கொடுத்திருக்கிறீர்கள். நூற்பாலைமகன் ஐயா, வண்டி இல்லாவிட்டால் என்ன, அப்பாவின் ரோட்கிங்கில் பின்சீட்டு காலியாகத்தான் இருக்கிறது. உங்கள் சைஸையும் எழுதுங்கள்.


நூற்பாலைமகன் | 2025 டிசம்பர் 3

42.